காற்று மிதிப்பவன்

ஆர்கனுக்குப் பின்னால் ஒரு மர அறை.
ஜன்னல் கிடையாது. மூன்று துருத்திகள்.
ஏறி நின்றால் இறங்கும்,
இறங்கி முடிவதற்குள் அடுத்ததில் ஏற வேண்டும்.
பதினெட்டு வருடமாக ஏறுகிறேன்,
பிர்னாவில் என்னைவிடக் கீழே இருப்பவன்
எல்பே நதியின் படகோட்டி மட்டும்.

வாசிப்பவர் முகம் எனக்குத் தெரியாது.
யார் எவ்வளவு காற்றுத் தின்கிறார்கள் என்று
பாதத்துக்குத் தெரியும்.

ட்ரௌகோட் ஹேனிஷ் ஐயா பெருந்தீனிக்காரர்.
டிரெஸ்டனிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் அவரைக் கேட்க.
எல்லாக் குழாயையும் திறந்துவிடுவார்,
கீழே கண்ணீர், மேலே என் வேர்வை.
சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும்.

பிறகு ஒரு திருவருகை ஞாயிறு
துருத்தி மெல்ல இறங்கியது.
இது அவர் இல்லை.
இடது கை ஓரிடத்தில் நின்று யோசித்தது,
யோசித்துவிட்டு வேறு பக்கம் போனது.
ஆராதனை முடிந்து படிக்கட்டில் பார்க்கிறேன்:
அவருடைய கறுப்பு அங்கி, அவருடைய தொப்பி,
அதற்குள் தங்கை எர்ட்முதே.
மை படிந்த விரலை உதட்டில் வைத்தாள்.

அண்ணன் கை நடுங்கியது.
பிராந்தி என்றார்கள், நரம்பு என்றார்கள்.
ஏழு வருடம்.
ஹேனிஷுக்கு வயதாக ஆகக் கனிவு கூடுகிறது
என்று பேசிக்கொண்டது ஊர்.
கனிவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது,
மீன் கடையில் காலணாவுக்குச் சண்டை போடும்.

ஒரு பனிக்காலம் என் முழங்கால் வீங்கியது.
யாரிடமும் சொல்லவில்லை.
துருத்தி முனகியதில் கேட்டிருப்பாள்.
மறு வாரம் புதிதாக ஒன்று வாசித்தாள்.
ஏறிக்கொண்டே போன இசை
பாதி உயரத்தில்
                    சும்மா நின்றது.
ஒரு மூச்சு நேரம்.
நான் கால் மாற்றிக்கொண்டேன்.
அது எனக்கு விட்ட இடம் என்று புரிய
மூன்று ஞாயிறு பிடித்தது, மந்தபுத்தி.

லைப்ஸிக்கில் அச்சிட்டார்கள், அண்ணன் பெயரில்.
அண்ணன் போய்ச் சேர்ந்தார்.
புதியவர் வந்தார், இளைஞர், நல்ல விரல்.
வருட நினைவு ஆராதனைக்கு
அதையே எடுத்தார்.

என் அறைப் பலகையில் கணு உதிர்ந்த ஒரு துளை உண்டு.
அதன் வழியே பார்த்தேன்.
பெண்கள் பக்கம், நான்காம் பெஞ்சு.
கையுறைக்குள் அவள் விரல்கள் மடிமேல் நடந்தன.
இசை ஏறியது. அந்த இடம் வந்தது.
நிற்காமல் தாண்டிப் போனார்.
அச்சில் அந்த மௌனம் இல்லையாம்.
எவனோ பிழை என்று நிரவிவிட்டிருக்கிறான்.

நான் இறங்கிவிட்டேன்.

குழாய்கள் சுருதி வழுக்கி வழுக்கி
தொண்டை அடைத்து ஓய்ந்தன.
முந்நூறு தலைகள் அண்ணாந்து பார்த்தன.
அபராதம் ஆறு க்ரோஷன்.

பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
நன்றி சொல்ல வருவாள் என்று
சாயங்காலம் நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள். கதவைத் தட்டவில்லை.

"க்னாப்பே, கடைசிப் பக்கத்தை
யார் காதிலும் விழாமல் செய்துவிட்டாய்.
பெயர் அவனுடையது, விரல் இன்னொருவனுடையது, இருக்கட்டுமே.
முடிவு எப்படிக் கேட்கிறதென்று
கீழே உட்கார்ந்து கேட்க
எனக்கு இதுதான் முதல் தடவை.
நீயும் என்னைக் கேட்கவில்லை."

ஆறு க்ரோஷனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல்
விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு ஞாயிறு விடியுமுன் போய்
துருத்தித் தோலுக்கெல்லாம் கொழுப்புத் தடவினேன்.
அவர் அதை வாசிக்கவில்லை.
அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.
அபசகுனம் என்று அலமாரியில் போட்டாராம்.

முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது.
நான்காம் பெஞ்சில் கையுறைகள் அசைவதில்லை.
மிதிக்கிறேன்.